அரங்கன் திரும்பிய காலம்



‘தன் முயற்சியும் இறைவன் காலமும்’ என்ற பொருளில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இதைப் பொதுவாகப் பேசினால் நல்லுபதேசமாக முடிந்துவிடும். வீட்டுக்குப் போகும் வழியிலேயே மறந்தும் போகும். அதனால் ஒரே ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நின்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1323ஆம் ஆண்டு தில்லிப் படை தெற்கே வந்தபோது திருவரங்கத்தின் உற்சவர் திருமேனி ஊரை விட்டு வெளியேறியது. திரும்பி வந்தது 1371இல். இடையில் 48 ஆண்டுகள். திருமேனியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் பிள்ளை லோகாசாரியர். மனிதனுடைய சாமர்த்தியம் அவனைக் கரைசேர்க்காது, இறைவன் ஒருவனே வழி என்று வாழ்நாளெல்லாம் கற்பித்தவர் அவர். அப்படிக் கற்பித்தவருக்கு அந்த நாளில் வந்த சோதனையும், அவர் அதை எதிர்கொண்ட விதமும்தான் இன்றைய பேச்சு.

முதலில் அவர் என்ன கற்பித்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மூத்த மகன் லோகாசாரியர். ‘ஆசார்ய ஹ்ருதயம்’ எழுதிய அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் அவருடைய தம்பி. இருவரும் மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தவர்கள். முமுக்ஷுப்படி, ஸ்ரீவசன பூஷணம் முதலிய 18 ரகசிய நூல்களை லோகாசாரியர் மணிப்பிரவாளத்தில் எழுதினார். வடமொழி படிக்க வாய்ப்பில்லாதவருக்கும் பெண்களுக்கும் இந்தப் பொருள் எட்ட வேண்டும் என்பது அவர் கருத்து. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் கண்ணன் அர்ச்சுனனுக்குக் கடைசியாகச் சொன்ன வார்த்தையை எடுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் விட்டு என்னைப் பற்று என்றால் எதை விடுவது, எப்படிப் பற்றுவது என்று நூல்நூற்பதுபோல் விரிக்கிறார். நான் செய்கிற நற்செயல் என்னைக் காப்பாற்றும் என்ற நினைப்பையே விடச் சொல்கிறார். செயலை விடச் சொல்லவில்லை. அதே செயல் கைங்கரியமாகத் தொடரலாம். பலனுக்குக் கொடுக்கும் விலையாக மட்டும் அது இருக்கக் கூடாது.

நம் ஆசாரியர்கள் இதற்கு இராமாயணத்திலிருந்து ஓர் இடத்தை அடிக்கடி எடுத்தாள்வார்கள். இந்திரசித்து பிரம்மாஸ்திரத்தால் அனுமனைக் கட்டினான். அந்தக் கட்டு உறுதியானது. கூட இருந்த அரக்கர்களுக்கு நம்பிக்கை போதவில்லை. இருக்கட்டும் என்று சணல் கயிற்றையும் மரப்பட்டையையும் கொண்டுவந்து மேலே சுற்றினார்கள். வேறு கட்டு வந்த மாத்திரத்தில் பிரம்மாஸ்திரம் தானே கழன்றுகொண்டது. இறைவனிடம் ஒப்படைத்தேன் என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நாம் சுற்றிவைக்கிற கயிறுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் மிகப் பெரியது காலக்கெடு என்பது என் எண்ணம். இதை உன்னிடம் விட்டுவிட்டேன், ஆனால் வருகிற தைக்குள் நடந்தாக வேண்டும் என்கிறோம். பெண்ணுக்கு வரன் தேடுகிறவர், வேலைக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பவர், பரிசோதனை முடிவை எதிர்பார்த்து மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர், எல்லோருடைய வேண்டுதலிலும் ஒரு தேதி ஒளிந்திருக்கிறது. தேதி வைப்பதை நான் குறை சொல்லவில்லை. மனித மனம் அப்படித்தான். ஆனால் அந்தத் தேதி நம்முடைய கயிறு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இனி 1323க்கு வருகிறேன்.

கோயிலொழுகும் குருபரம்பரை நூல்களும் சொல்கிறபடி, அப்போது பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அழகிய மணவாளன், அன்று உற்சவருக்கு அதுதான் பெயர், கொள்ளிடக்கரையில் பன்றியாழ்வான் சன்னிதிக்கு எழுந்தருளியிருந்தார். உலூக்கான் படை நெருங்கிவிட்ட செய்தி அங்கே வந்தது. பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று அரியணை ஏறியவர்தான் இந்த உலூக்கான். திருவிழாக் கூட்டத்தைக் கலைக்க நேரமில்லை. மூலவருக்கு முன்னால் கல்திரை எடுத்து மறைத்தார்கள். உற்சவரைச் சிறு பல்லக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு சிறு கூட்டம் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. முன்னால் நடந்தவர் லோகாசாரியர். அவருக்கு அப்போது நூறு வயது கடந்துவிட்டது என்கிறது மரபு. எண்ணிக்கை எப்படியிருந்தாலும், தள்ளாத முதுமை என்பதில் ஐயமில்லை. பின்னால் கரையில் நடந்த படுகொலையைப் பன்னீராயிரவர் தலை கொடுத்த மேட்டுக் கலகம் என்று வைணவ உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

அதே நாளில் அதே ஊரில் இன்னொரு பேராசான் இருந்தார், வேதாந்த தேசிகர். இராமானுசரின் ஸ்ரீபாஷ்யத்துக்குச் சுதர்சன சூரி எழுதிய ‘சுருதப்பிரகாசிகை’ என்னும் பேருரையின் சுவடிகளும் சூரியின் இரண்டு பிள்ளைகளும் தேசிகர் பொறுப்பில் வந்தன. பிணங்களுக்கு நடுவே பிணம்போலக் கிடந்து சுவடியையும் பிள்ளைகளையும் காப்பாற்றி, சத்தியாகாலத்துக்குக் கொண்டுசேர்த்தார் என்பது மரபு.

இந்த இரண்டு பேரையும் சேர்த்து நினைக்க வேண்டும். சரணாகதியில் மனிதன் பக்கத்திலிருந்து ஒரு சிறு வியாஜமாவது வேண்டும், தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி தானே பற்றிக்கொள்வதுபோல, என்பது தேசிகர் வழி. பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதுபோல் எல்லாம் அவன் பொறுப்பு என்பது லோகாசாரியர் வழி. பின்னாளில் வடகலை, தென்கலை என்று இரண்டாகப் பிரிந்து வழக்காடிய அளவுக்கு இது பெரிய வேறுபாடு. ஆனால் படை வாசலில் நின்ற அன்று இரண்டு பேரும் செய்த காரியம் ஒன்றுதான். தம்மால் தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஊரை மீட்பது எப்படி, எப்போது திரும்புவது என்ற கணக்கு இரண்டு பேரிடமும் இல்லை. எல்லாம் அவன் பொறுப்பு என்று சொன்னவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கவில்லை என்பதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். ஒப்படைப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று நினைப்பவர்கள் ஸ்ரீவசன பூஷணத்தைப் படிப்பதற்கு முன்னால் அதை எழுதியவருடைய கால்களைப் பார்க்க வேண்டும்.

அவர்கள் மதுரைப் பக்கம் வந்து, யானைமலைச் சாரலில் உள்ள ஜ்யோதிஷ்குடியில் ஒதுங்கினார்கள். இன்றைக்குக் கொடிக்குளம் என்கிறோம். ஒத்தக்கடையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். யானை படுத்திருப்பதைப்போல நீண்டு கிடக்கும் அந்தப் பாறையை ஒட்டி, வேதநாராயணப் பெருமாளுக்கு ஒரு சிறிய கோயில் இருக்கிறது. திருவரங்கத்தின் ஏழு மதில்களையும் பெரிய கோபுரங்களையும் பார்த்துப் பழகியவர்கள் அங்கே போய் நின்றால்தான் அந்த நிலைமை உறைக்கும். உலகத்துக்கே பெரிய கோயில் என்று பெயர் வாங்கிய இடத்தின் நாயகன், பாறை இடுக்கில், மணிச்சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்ற அச்சத்தோடு, கிடைத்ததை அமுது கண்டருளிக்கொண்டிருந்தார்.

லோகாசாரியர் அங்கேயே நோயுற்றார். அங்கேயே திருநாடு அலங்கரித்தார். பக்கத்தில்தான் திருமோகூர். நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தைத் தொடங்கும்போது, பரமபதத்துக்குப் போகும் பயணத்தின் வழித்துணையாகப் பாடியது திருமோகூர்ப் பெருமாளைத்தான். திருவாய்மொழியில் வாழ்ந்த ஒருவருக்கு இறுதி நாள்கள் அந்த எல்லையில் அமைந்தன. கடைசிக் காலத்தில் அவர் பக்கத்தில் இருந்த செடிகொடிகளையும் ஊர்ந்துபோன எறும்புகளையும் கையால் தொட்டார் என்று குருபரம்பரை சொல்கிறது. சீடர்கள் காரணம் கேட்டபோது, ஆசாரியனின் தொடர்பு பெற்ற எதுவும் கரையேறும், இவையும் ஏறட்டுமே என்றாராம். தம் வாழ்நாளின் பெரும்பணி பாதியில் நிற்கிறது, தாம் சுமந்துவந்த தெய்வம் காட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் எறும்பை நினைக்கிற மனம் எப்படிப்பட்டது! தம் கணக்கு முடியாததைப் பற்றிய பதைப்பு அதில் கொஞ்சமும் இல்லை.

இந்த இடத்தில்தான் நான் முக்கியமாகக் கருதுவதைச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் நேரம் வரவேண்டும் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அந்தப் பேச்சுக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. நேரம் நம் ஆயுளுக்குள் வந்துவிடும், நாம் கண்ணால் பார்ப்போம், அப்போது இத்தனை நாள் காத்திருந்தது எதற்கு என்று நமக்குப் புரிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறோம். லோகாசாரியருக்கு இந்த மூன்றும் கிடைக்கவில்லை. அவர் பார்த்த கடைசிக் காட்சியில் திருவரங்கம் பாழ், அரங்கன் அகதி. எந்த விளக்கமும் அவருக்கு வரவில்லை. அவருடைய நம்பிக்கையின் அளவை அங்கேதான் பார்க்க முடிகிறது. தன் காலத்துக்குள் நடந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் தன்னையே நம்புவதன் ஒரு வகைதான். நான் பார்த்தால்தான் அது நடந்ததாகும் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

திருவரங்கத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. அதற்கு முன்பே, இராமானுசருக்கு முந்தைய ஆசாரியரான ஆளவந்தார் வாழ்ந்து காட்டியது. அவர் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது, யாதவப்பிரகாசரின் மாணவர்களோடு இளம் இராமானுசர் போவதைத் தூரத்திலிருந்து பார்த்தார். தமக்குப் பின் தரிசனத்தை நடத்தக்கூடியவர் இவர்தான் என்று அவருக்குப் பட்டுவிட்டது. கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. வரதராசப் பெருமாளிடம் இவரைத் தரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு திருவரங்கத்துக்குத் திரும்பிவிட்டார். மாணவர் இன்னும் வேறோர் ஆசிரியரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். கனியாத காயைப் பறிக்க அவர் விரும்பவில்லை. பிறகு பெரிய நம்பியை அனுப்பி அழைத்துவரச் சொன்னார். இராமானுசர் காவிரிக்கரையை அடைந்தபோது ஆளவந்தாருடைய இறுதி ஊர்வலம் எதிரே வந்தது. திருமேனியில் மூன்று விரல்கள் மடங்கியிருந்தன. அவருக்கு நிறைவேறாமல் இருந்த மூன்று ஆசைகளைச் செய்து முடிப்பதாக இராமானுசர் சொல்லச்சொல்ல அவை நிமிர்ந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. பிரம்மசூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யம் வந்தது. கூரத்தாழ்வானின் பிள்ளைக்குப் பராசரர் என்று பெயர் வைக்கப்பட்டது. திருவாய்மொழிக்குத் திருக்குருகைப்பிரான் பிள்ளான் ஆறாயிரப்படி எழுதினார். மூன்றும் ஆளவந்தார் கண்ணை மூடிப் பல ஆண்டுகள் கழித்து, வேறு வேறு கைகளால் நடந்தவை. குருவும் சீடரும் ஒரு வார்த்தைகூட நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

மறுபடி ஜ்யோதிஷ்குடிக்கு வருவோம். லோகாசாரியர் சீடர்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்துப் போனார். திருமலையாழ்வார் என்பவர் சிறுவயதில் அவரிடம் வந்தவர். பிறகு மதுரையில் அரசு அலுவலில் ஈடுபட்டு இந்த வழியை விட்டுப் போய்விட்டார். அவரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கூரகுலோத்தம தாசர் அந்தப் பொறுப்பை ஏற்றார். படை போன நாட்டில், கோயில் போன நிலையில், ஓர் அதிகாரியின் மனத்தைத் திருப்புவதுதானா அவசரம் என்று நமக்குத் தோன்றும். தாசர் அந்த அதிகாரி போகும் வழியில் நின்று திருவிருத்தத்தின் தொடக்கத்தைச் சொன்னார். பொருள் கேட்டவரைப் பார்த்து, உமக்குச் சொல்ல மாட்டேன் என்று துப்பினார். கேட்டவருக்குக் கோபம் வரவில்லை. பழைய நினைவு வந்தது. அதன்பிறகும் அரசு வேலை அவரை விடவில்லை. காலையில் நெற்றிக்குத் திருமண்காப்பு இட்டுக்கொள்ளும் நேரம் ஒன்றுதான் அவருக்கு ஓய்வு. தாசர் தினமும் அந்த நேரத்துக்குப் போய், குழைத்த மண் நெற்றியில் காய்வதற்குள் ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். நாள்கள் போயின. ஒருநாள் அந்த அதிகாரி பதவியை உதறிவிட்டு வந்தார். அவரைத்தான் திருவாய்மொழிப் பிள்ளை என்று அறிகிறோம்.

காடு மண்டிக் கிடந்த ஆழ்வார்திருநகரியைச் சீர்திருத்தி, அரங்கனைப்போலவே வெளியூர் போயிருந்த நம்மாழ்வார் திருமேனியை மீண்டும் எழுந்தருளப்பண்ணினார். அவரிடம் பாடம் கேட்டவர் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள். மாமுனிகள்தான் பின்னாளில் லோகாசாரியரின் நூல்களுக்கு உரை எழுதினார். திருவரங்கத்தில் அரங்கன் முன்னிலையில் ஓராண்டு முழுவதும் திருவாய்மொழியின் உரையான ஈட்டை விளக்கினார். கொடிக்குளத்துப் பாறைக்கும் அந்த ஓராண்டுக் காலட்சேபத்துக்கும் நடுவில் இருப்பது நெற்றியில் மண் காயும் நேரத்தில் நடந்த சில நிமிடப் பாடங்கள்.

திருமேனியின் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அழகர் கோயில், கோழிக்கோடு, திருக்கணாம்பி, மேல்கோட்டை, கடைசியில் திருமலை. திருமலைக் கோயிலில் ரங்கநாயக மண்டபம் என்ற பெயர் அந்த நாள்களின் நினைவு. வழியில் நடந்த ஒன்றைக் கோயிலொழுகு சொல்கிறது. பாதுகாக்க ஆளின்றிப் போன ஒரு கட்டத்தில் கோயில் பணியாளர்களான கொடவர் மூன்று பேர் மட்டும் எஞ்சினார்கள். அவர்கள் திருமேனியைக் கயிறு கட்டி மலைச்சரிவில் இறக்கி, காட்டுக்குள் மறைவாக வைத்து, கிழங்கும் கனியும் கொண்டு ஆராதித்துவந்தார்கள். மூவரில் மூத்தவர்கள் அங்கேயே இறந்தார்கள். அவர்களுக்கு வெளியுலகில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியில்லை. மதுரையில் 1335இல் தனிச் சுல்தானகம் ஏற்பட்டதோ, விசயநகரம் என்று ஓர் அரசு எழுந்ததோ காட்டில் இருந்தவருக்கு எட்டியிருக்காது. அந்த விசயநகரத்தின் இளவரசன் குமார கம்பணன் தெற்கே படையெடுத்து வந்தான். அவனுடைய அதிகாரி கோபணாரியர் திருமலையிலிருந்து திருமேனியைச் செஞ்சிக்குக் கொண்டுவந்து வைத்திருந்து, 1371இல் திருவரங்கத்தில் சேர்த்தார். இது வெறும் செவிவழிக் கதையாக நிற்கவில்லை. கோயில் சுவரில் வடமொழிச் சுலோகங்களாகக் கல்லில் இருக்கிறது. வெற்றி வந்தபோது கல்லில் ஏறியது கோபணாரியர் பெயர். அது நியாயமே. ஆனால் அவருக்கு ஒப்படைக்க ஒரு திருமேனி மிஞ்சியிருந்தது என்றால், அதற்குக் காட்டில் கிழங்கு தோண்டியவர்கள் காரணம்.

இந்த வரலாற்றைக் காட்டி யாரும் துன்பப்படுகிறவரிடம் போய், பொறுத்திரு, அவனுக்கு ஒரு நேரம் இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அது கொடுமையான பேச்சு. அவன் காலம் என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. அடுத்தவர் புண்ணில் தடவுகிற மருந்தாக அதை யாரும் எடுத்துப்போகக் கூடாது. லோகாசாரியர் கொள்ளிடக்கரையில் இறந்தவர்களின் வீட்டாருக்கு அப்படி உபதேசம் செய்ததாக எந்த நூலும் சொல்லவில்லை. அவர் சுமந்தார், நடந்தார்.

48 ஆண்டுகள் கழித்துத் திருமேனி வந்து சேர்ந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. போன திருமேனி கிடைக்காது என்று எண்ணி, இடைக்காலத்தில் வேறொரு திருமேனியைப் பிரதிஷ்டை செய்து ஆராதித்துவந்தார்கள். இப்போது வந்திருப்பவர்தான் பழைய அழகிய மணவாளன் என்று யார் சொல்வது? பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சியிருந்தவர் ஒரு வயதான ஈரங்கொல்லி, திருப்பரிவட்டங்களை வெளுத்துக் கொடுத்த சலவைத் தொழிலாளி. அவருக்குக் கண் பார்வை போயிருந்தது. திருமஞ்சனமான ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தைக் கொடுத்தால் என்னால் சொல்ல முடியும் என்றார். இரண்டு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவர் கையில் வார்த்தார்கள். பழைய கஸ்தூரி வாசனை அதில் இருந்தது. இவரே நம்பெருமாள் என்றார். அன்று முதல் அதுவே பெயராகிவிட்டது. ஆசாரியர்களும் பட்டர்களும் நிறைந்த ஊரில், அந்தச் சாட்சி இளமையில் துணி துவைத்த ஒருவருடைய மூக்கிலும் நாவிலும் பத்திரமாக இருந்தது. 1323இல் அவரைப் பார்த்து, உங்களால்தான் இது தீர்க்கப்படப்போகிறது என்று யாராவது சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்க மாட்டார்.

நம்பெருமாள் தம் இடத்தில் எழுந்தருளிய பிறகு, நடுவில் வந்த மற்றத் திருமேனியை என்ன செய்வது என்ற கேள்வி இருந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்து, அந்த முகத்தையே அரங்கன் என்று சேவித்து, உண்மையான உற்சவரை ஒருமுறையும் பாராமல் இறந்துபோன தலைமுறை ஒன்று உண்டு. அவர்கள் கூப்பிய கை வீணா? கோயில் அப்படி நினைக்கவில்லை. அந்தத் திருமேனியை வெளியே அனுப்பவில்லை. திருவரங்கமாளிகையார் என்று பெயர் சூட்டி, கருவறையிலேயே இடம் கொடுத்தார்கள். உற்சவங்களின்போது யாகசாலைக்கு எழுந்தருளுகிறவர் இன்றும் அவர்தான்.